பறவையை அடையாளம் காணும் செயலி: களத்துக்கு எதைக் கொண்டு செல்வது?

கொடைக்கானலைச் சுற்றியுள்ள சோலைக்காடுகளின் ஓரத்தில், புதர்களுக்குள் இருந்துகொண்டு கூட்டமாகச் சிரிப்பது போலக் கத்தும் பறவை ஒன்று உண்டு. வெண்புருவமும் சாம்பல் படிந்த மார்பும் செம்பழுப்பு வயிறும் கொண்ட அதன் பெயர் பழனிச் சிரிப்பான். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உதகையிலும் குன்னூரிலும் ஏறத்தாழ அதே குணத்தோடு புதர்களில் திரிவது நீலகிரிச் சிரிப்பான். இரண்டும் மான்டிசிங்க்லா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்றாலும், நடுவில் கிடக்கும் 30, 40 கிலோமீட்டர் அகலத் தாழ்நிலத்தை இவை கடப்பதில்லை. ஆகவே எந்த மலையில் நிற்கிறோம் என்று தெரிந்தாலே விடையும் ஏறக்குறைய தெரிந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் கொடைக்கானலில் எடுத்த படம் ஒன்றை, இடத்தைக் கேட்காமல் படத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லும் செயலி ஒன்றில் இட்டேன். தயக்கமே இல்லாமல் நீலகிரிப் பறவையின் பெயரைத் தந்தது. படத்தோடு படத்தை ஒப்பிடும் வேலையை அது ஓரளவு ஒழுங்காகவே செய்திருந்தது. எந்த மலையில் எடுத்த படம் என்பது அதன் கணக்கிலேயே வரவில்லை.

பறவை பார்க்கத் தொடங்குகிறவர்கள் இன்று முதலில் கேட்பது எந்தச் செயலி நல்லது என்பதைத்தான். பைனாகுலரைப் பற்றிய கேள்விகூட அதற்குப் பிறகே வருகிறது. எது வேகமாகப் பெயர் சொல்கிறது, எது மங்கலான படத்திலும் பறவையைப் பிடித்துவிடுகிறது என்று செயற்கை நுண்ணறிவின் கூர்மையை வைத்தே பெரும்பாலும் விடை சொல்லப்படுகிறது. என் அனுபவத்தில், களத்தில் ஒரு செயலி கைகொடுப்பதும் கைவிடுவதும் அதன் பின்னால் இருக்கும் பதிவுகளைப் பொறுத்தே அமைகிறது. நாம் நிற்கும் ஊரில், இந்த மாதத்தில், எந்தெந்தப் பறவைகள் பார்க்கப்பட்டிருக்கின்றன என்ற பட்டியல் அதனிடம் இருக்கிறதா, அதை யார் எழுதினார்கள், யார் சரிபார்த்தார்கள் என்பதையே தேர்வுக்கான முதல் அளவுகோலாக வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

காரணம் எளிய கணக்குதான். இந்தியாவில் 1,300-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியிருக்கின்றன. தமிழ்நாட்டில் மட்டும் 500-க்கும் மேல். ஆனால் ஜனவரி மாதத்துக் காலையில் ஓர் ஏரிக்கரையில் நின்றால், நாம் பார்க்கக்கூடியவை நூறு, நூற்றைம்பதைத் தாண்டுவது அரிது. ஆயிரத்து முந்நூறிலிருந்து நூற்றைம்பதுக்கு இறங்கும் வேலையை இடமும் நாளும் செய்துவிடுகின்றன. மிச்சத்தைத்தான் கண்ணும் காதும், அல்லது கணினியும், செய்ய வேண்டியிருக்கிறது. அந்த முதல் வடிகட்டல் இல்லாத செயலி, நம் ஊர்க் கண்மாயில் நடக்கும் உள்ளானுக்கு ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ வாழும் ஏதோ ஒரு பறவையின் பெயரைச் சொல்வதற்கு வாய்ப்பு எப்போதும் உண்டு.

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2014-இல் வெளியிட்ட மெர்லின் செயலி, பெரும்பாலானோரின் கைபேசியில் முதலிடம் பிடித்ததற்கு இந்த வடிகட்டலே காரணம் என்று சொல்வேன். அதன் பழைய வசதி படமோ ஒலியோ கேட்பதில்லை. ஐந்து கேள்விகளைத்தான் கேட்கிறது. எங்கே பார்த்தீர்கள், எப்போது பார்த்தீர்கள், எவ்வளவு பெரியது, முக்கியமான நிறங்கள் என்ன, என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டுவிட்டு, அந்த இடத்துக்கும் காலத்துக்கும் பொருந்தும் பறவைகளை வாய்ப்பின் வரிசையில் அடுக்கித் தருகிறது. புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு நான் முதலில் இந்த ஐந்து கேள்விகளைத்தான் காட்டுகிறேன். நிறத்தையும் அளவையும் செயலையும் கவனித்துச் சொல்ல வேண்டியிருப்பதால், பறவையை உற்றுப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்குத் தானாகவே வந்துவிடுகிறது. படம் எடுத்துப் பெயர் வாங்குகிறவர்களிடம் அந்தப் பழக்கம் மெதுவாகத்தான் வளர்கிறது.

மெர்லினின் வாய்ப்பு வரிசை வானத்திலிருந்து இறங்கியது அன்று. 2002-இல் அதே ஆய்வகமும், அமெரிக்கப் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபோன் சங்கமும் சேர்ந்து தொடங்கிய ஈபேர்ட் என்ற பதிவுத் தளத்தில், உலகெங்கும் உள்ள பறவை நோக்கர்கள் எழுதிவரும் பட்டியல்களிலிருந்து அது பிறக்கிறது. நம் பகுதியைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டு நோக்கர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடத்திவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும், ஊர் ஏரியை வாரந்தோறும் சுற்றிவந்து யாரும் கேட்காமலே பட்டியல் போடும் பள்ளி ஆசிரியர்களின் உழைப்பும் அந்த வரிசைக்குள் இருக்கின்றன. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023-இல் வெளியான அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட நோக்கர்கள் தந்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டது. அந்தப் பதிவுகளின் சேமிப்பிடம்தான் செயலிக்கும் ஊற்று. இந்த உழைப்பு இல்லாவிட்டால் எவ்வளவு கூர்மையான நிரலும் பழனி மலையையும் நீலகிரியையும் பிரித்தறிய முடியாது.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கையும் கிடைக்கிறது. பதிவுகள் அடர்த்தியாக உள்ள சென்னை, கோவை சுற்றுப்புறங்களில் செயலியின் பட்டியல் நம்பகமாக இருக்கும். கேரளத்தில் 2015 முதல் 2020 வரை மாநிலம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆள் அனுப்பிப் பறவை வரைபடத் தொகுப்பு ஒன்றை உருவாக்கினார்கள்; அதனால் நோக்கர்கள் தாமாகப் போயிருக்க மாட்டாத இடங்களுக்கும் அங்கே பதிவுகள் உண்டு. நம் வறண்ட உள்மாவட்டங்களில் யாரும் அதிகம் நடந்திராத பொட்டலிலோ முட்காட்டிலோ நிற்கும்போது, செயலியின் பட்டியலில் ஒரு பறவை இல்லை என்பதை வைத்து அந்தப் பறவை அங்கே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பட்டியல் எழுத அங்கே ஆள் போகவில்லை என்பதுகூட அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இடத்தைப் போலவே நாளும் முக்கியம். ஆறுமணிக்குருவி என்று நம் ஊர்க்காரர்கள் அழகாகப் பெயர் வைத்த பிட்டா, செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வடக்கிலிருந்து தெற்கே வந்து சேர்கிறது. நெடும்பயணக் களைப்பில் வீட்டு மொட்டை மாடியிலும் பால்கனியிலும் அது விழுந்து கிடப்பதை ஒவ்வோர் ஆண்டும் யாராவது பார்க்கிறார்கள். வலசை வரும் கதிர்க்குருவிகளும் உள்ளான்களும் ஏப்ரல் கழிந்ததும் பெரும்பாலும் திரும்பிவிடுகின்றன. ஜூன் மாதத்தில் சமவெளித் தோட்டத்தில் ஒரு வலசைக் கதிர்க்குருவியின் பெயரை நாளைக் கணக்கில் கொள்ளாத செயலி சொன்னால், அந்த விடையை இன்னொரு முறை சோதிக்க வேண்டும்.

இங்கே நடைமுறைச் சிக்கல் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான விடைகள் பல இதனால் வருகின்றன. கைபேசியில் எடுத்த படத்தின் உள்ளே, எடுத்த இடமும் நேரமும் பொதுவாகப் பதிவாகியிருக்கும். செயலி அவற்றைத் தானே படித்துக்கொள்ளும். அதே படம் வாட்ஸ்அப் வழியாக நண்பரிடமிருந்து வந்தால் அந்த விவரங்கள் நீங்கிவிடுகின்றன. வால்பாறையில் மார்ச் மாதம் எடுத்த படத்தை மதுரையில் ஆகஸ்டு மாதம் உட்கார்ந்து செயலியில் இடும்போது, இடத்தையும் நாளையும் நாமே திருத்தித் தராவிட்டால், மதுரையில் ஆகஸ்டு மாதத்தில் பார்க்கக்கூடிய பறவைகளுக்குள்ளேயே அது தேடும் நிலை வரலாம். ஆகவே இடத்தையும் நாளையும் கையால் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா என்பதைச் செயலியை நிறுவியவுடனே பார்த்துவிட வேண்டும்.

ஒலிக்கு வருகிறேன். நம் மொழியில் பறவைப் பெயர்கள் பல, காதால் வைத்த பெயர்கள். குக்குறுவான் தன் பெயரையே சொல்லிக் கத்துகிறது, அக்காக்குயிலும் அப்படித்தான், ஆள் வந்தால் ஊரைக் கூட்டுவதால் ஆட்காட்டி, விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி. அடர்ந்த காட்டில் கண்ணுக்கு ஒரு பறவை அகப்படும் முன் காதுக்குப் பத்துப் பறவைகள் அகப்பட்டிருக்கும். ஆகவே ஒலியால் அடையாளம் காணும் வசதி மெர்லினில் 2021-இல், முதலில் வட அமெரிக்கப் பறவைகளுக்காக, வந்தபோது அது பறவை பார்க்கும் முறையையே மாற்றிவிட்டது என்று சொன்னால் மிகையில்லை. இந்தியப் பறவைகள் அதில் பின்னர் சேர்ந்தன. எண்ணிக்கை இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.

அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அதன் பலமும் பலவீனமும் விளங்கும். கைபேசியின் மைக் பிடிக்கும் ஒலியை அது ஒரு படமாக மாற்றுகிறது: இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி, ஒலியின் வலிமைக்கேற்ப அழுத்தமான நிறம். ஸ்பெக்ட்ரோகிராம் எனப்படும் இந்தப் படத்தில் குயிலின் கூவல் படிப்படியாக மேலேறும் வளைகோடுகளாகத் தெரியும். செம்மார்புக் குக்குறுவானின் "டுக் டுக்" ஒரே உயரத்தில் சீரான இடைவெளியில் வைத்த புள்ளிகளாகத் தெரியும். காதுள்ள நிபுணர்கள் ஆயிரக்கணக்கான பதிவுகளில் எந்த இடத்தில் எந்தப் பறவை பாடுகிறது என்று கட்டம் போட்டுக் குறித்துக் கொடுத்ததை வைத்தே கணினி இந்த வடிவங்களைக் கற்றிருக்கிறது. அதாவது செயலி ஒலியைக் கேட்கிறது என்று நாம் நினைக்கும்போது, உண்மையில் அது ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அருவிச் சத்தமும் சோலைக்காட்டுச் சில்வண்டு இரைச்சலும் அந்தப் படத்தின் மேல் மை கொட்டியது போலப் பரவிவிடும். அப்போது நம் காது பிரித்தெடுக்கும் குரலைக்கூட அதனால் பிரிக்க முடியாமல் போகும்.

ஒலி வசதி உண்மையிலேயே எங்கே உதவுகிறது என்பதற்கு ஒரு காட்சி. கோவைக்கு மேற்கே ஆனைகட்டிச் சாலையோரப் புளியமரத்தில் ஜனவரி மாதக் காலையில் நின்றால், இலைகளுக்கு நடுவே இலை நிறத்திலேயே ஒரு சிறு பறவை ஓயாமல் தாவிக்கொண்டிருக்கும். கிரீனிஷ் வார்ப்ளர், கிரீன் வார்ப்ளர், லார்ஜ்-பில்டு லீஃப் வார்ப்ளர் என்று மூன்று கதிர்க்குருவிகள் அங்கே இருக்கலாம். மூன்றையும் பிரித்துச் சொல்லும் தமிழ்ப் பெயர்கள் இன்னும் நோக்கர்களின் நாவில் பதியவில்லை. நல்ல கேமராவில் எடுத்த படத்தை வைத்தும் அனுபவசாலிகள் இவற்றைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருப்பார்கள். பறவை ஒருமுறை வாய் திறந்தால் போதும்: முதலாவது "சி-வீ" என்று இரண்டு அசையில் கத்தும், இரண்டாவது "சி-ரு-வீ" என்று மூன்று அசையில் கத்தும், மூன்றாவது கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு தெளிவான சீழ்க்கை விடும். அசைகளை எண்ணக் காது பழகாத தொடக்கக் காலத்தில், பதிவை நிறுத்தித் திரும்பக் கேட்டு ஸ்பெக்ட்ரோகிராமில் இரண்டு கோடா மூன்று கோடா என்று பார்ப்பது போன்ற நல்ல பாடம் வேறில்லை. பதிவைச் சேமித்துத் திரும்பப் போட்டுக்காட்டும் வசதியை ஒலிச் செயலியில் கட்டாயம் எதிர்பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஒலியைக் கைவிடும் செயலியிடமிருந்து நாம் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

மறுபக்கத்துக்கும் ஒரு காட்சி. டாப்சிலிப்பில் ஒரு மாலை, ஒலிச் செயலி ஒன்றை ஓடவிட்டு மூங்கில் புதரருகே நின்றுகொண்டிருந்தேன். வைரி என்றது, சற்றுப் பொறுத்துக் கொண்டைப் பாம்புக் கழுகு என்றது, பிறகு ஏதோ ஒரு சிலம்பனின் பெயரும் வரிசையில் சேர்ந்தது. இத்தனையும் ஒரே கிளையிலிருந்து வருவதைக் கவனித்துப் பைனாகுலரைத் திருப்பினால், அங்கே நீண்ட வால் கம்பிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு துடுப்புவால் கரிச்சான் ஒன்று தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தது. பிற பறவைகளின் குரலை அச்சாகப் பாடிக்காட்டுவதில் அது தேர்ந்தது. நம் தெருவோரக் கம்பியில் அமரும் இரட்டைவால் குருவியும் வைரியின் குரலைப் பாவனை செய்வதுண்டு. செயலியின் மேல் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கரிச்சான் மற்ற பறவைகளையே ஏமாற்றுகிறது. ஆனால் குரல் வந்த திசையை நோக்கிப் பைனாகுலரைத் திருப்பாமல் பட்டியலை அப்படியே எழுதிக்கொண்டு வந்திருந்தால், அன்று நான் பார்க்காத மூன்று பறவைகள் என் குறிப்பேட்டில் ஏறியிருக்கும்.

பாவனை இல்லாமலே குழப்பும் குரல்களும் உண்டு. மலையடிவாரத் தோப்புகளில் வெண்கன்னக் குக்குறுவானும் அதைவிடச் சற்றுப் பெரிய பழுப்புத்தலைக் குக்குறுவானும் "குட்ரூ, குட்ரூ" என்று விடாமல் கூவும்போது, செயலி இரண்டு பெயர்களையும் மாறி மாறிக் காட்டும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: செயலிக்குக் கற்றுத் தரப்பட்ட இனங்கள் மட்டுமே அதன் உலகம். ஒலிப்பதிவுகள் போதிய எண்ணிக்கையில் சேராத பறவை எதிரில் பாடினாலும் அது மௌனமாக இருக்கும், அல்லது கிட்டத்தட்ட ஒத்த குரலுடைய வேறொன்றின் பெயரைச் சொல்லும். நம் பகுதிப் பறவைகளில் எவை அதன் பட்டியலில் இருக்கின்றன என்று பார்ப்பது சலிப்பான வேலைதான். ஆனால் ஒருமுறை பார்த்துவைத்தால் அதன் மௌனத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளலாம்.

ஒலிக்கென்றே உள்ள மற்றொரு செயலி பேர்ட்நெட். கார்னெலும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. ஒலியை 3 விநாடித் துண்டுகளாகப் பிரித்து ஆராய்வது அதன் முறை. பதிவில் நமக்கு வேண்டிய பகுதியை நாமே தொட்டுத் தேர்ந்தெடுத்து இது என்ன என்று கேட்கலாம் என்பதும், விடையோடு அதன் உறுதி எவ்வளவு என்பதையும் சொல்கிறது என்பதும் எனக்குப் பிடித்தவை. அதன் கைபேசிச் செயலி நெடுங்காலம் பதிவை இணையம் வழியாக அனுப்பியே விடை பெற்றுவந்தது. ஆகவே வீட்டுக்கு வந்தபின் இரண்டாவது கருத்துக் கேட்பதற்கே நான் அதைப் பயன்படுத்துகிறேன்.

படத்தை வைத்து அடையாளம் காண்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பனங்காடை, மாங்குயில், செம்போத்து போன்ற தனித்த தோற்றமுள்ளவற்றை எல்லாச் செயலிகளும் சரியாகவே சொல்கின்றன. அவற்றை வைத்துச் செயலியை எடை போடக் கூடாது. வயல்வெளி நெட்டைக்காலிகள், வெயிலுக்கு எதிரே கருநிழலாகச் சுற்றும் கழுகுகள், இளம்பருவத்துக் கொக்குகள் ஆகியவைதான் சோதனை. கேமராவின் பின்திரையைக் கைபேசியால் படம் எடுத்து அதைச் செயலியில் இடும் வழக்கம் இன்று பரவலாக உள்ளது; அது ஓரளவு பயன் தருகிறது, ஆனால் நெட்டைக்காலியின் பின்விரல் நகத்தின் நீளம் போன்ற நுட்பம் அந்த இரட்டைப் படத்தில் நிற்காது.

இந்த இடத்தில் ஐநேச்சுரலிஸ்ட் வேறு வகையில் உதவுகிறது. 2008-இல் பெர்க்லி மாணவர்களின் திட்டமாகத் தொடங்கிய அது பறவைக்கென்று மட்டும் உள்ளதன்று. தட்டான், வண்ணத்துப்பூச்சி, புல், காளான் எல்லாம் அதில் உண்டு. கணினி ஒரு பெயரைப் பரிந்துரைத்தாலும், அதைப் பார்க்கும் மனிதர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒப்பினால்தான் இனம் உறுதியாகிறது. விடை வர ஒரு நாளோ ஒரு மாதமோ ஆகலாம். களத்தில் நின்றபடி எதிர்பார்க்க முடியாது. அதே குழுவினரின் சீக் செயலி குழந்தைகளுக்கு ஏற்றது. கணக்குத் தொடங்கத் தேவையில்லை. இனம் வரை உறுதியாகத் தெரியாதபோது குடும்பம் அல்லது பேரினம் என்ற படியோடு நின்றுவிடுவது அதன் நல்ல குணம். நெட்டைக்காலிப் பேரினம், அதற்குமேல் தெரியவில்லை என்று சொல்லும் செயலியை, ஒவ்வொரு முறையும் ஒற்றைப் பெயரைத் துணிந்து சொல்லும் செயலியைவிட மேலாக மதிக்கிறேன். தன் ஐயத்தை எப்படிக் காட்டுகிறது என்பதை, தேர்வுக்கான இரண்டாவது அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: வாய்ப்புள்ள பல பெயர்களை அடுக்குகிறதா, அவற்றின் படங்களை அருகருகே வைத்து ஒப்பிட விடுகிறதா, நம்மையே முடிவெடுக்கச் சொல்கிறதா?

மூன்றாவது அளவுகோல் இணையம் இல்லாமல் இயங்குவது. முதுமலையிலும் வால்பாறைத் தேயிலைச் சரிவுகளிலும் அலைவரிசை அற்றுப்போகும் இடங்கள் ஏராளம். பறவைகள் அதிகம் இருப்பதும் அங்கேதான். மெர்லினில் நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை முன்னதாகவே இறக்கிவைத்துக்கொண்டால் படமும் ஒலியும் கைபேசிக்குள்ளேயே ஆராயப்படும். தொகுப்புகள் நூற்றுக்கணக்கான எம்பி அளவுள்ளவை என்பதால், கிளம்பும் நாள் காலையில் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு இறக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வீட்டிலேயே கைபேசியை ஃபிளைட் மோடில் போட்டு ஒவ்வொரு வசதியையும் ஒருமுறை இயக்கிப் பார்த்துவிடுவது நல்லது. ஜிபிஎஸ் இணையம் இல்லாமலும் இடத்தைக் காட்டும். ஆனால் அடர்காட்டில் இடத்தைப் பிடிக்க நேரம் எடுக்கும். ஒலிச் செயலியை மணிக்கணக்கில் ஓடவிட்டால் மின்கலம் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். காட்டுக்குள் கைபேசி அவசர உதவிக்கும் வேண்டியிருக்கும் என்பதால், பவர்பேங்க் இல்லாமல் நான் போவதில்லை.

பெயர்களைப் பற்றியும் சில சொற்கள். தமிழில் ஒரே பறவைக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் மாறும். நூலுக்கு நூலும் மாறுகிறது. ஆங்கிலப் பெயரும் நிலையானதன்று. கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக வரும் லெசர் சாண்ட் புளோவர் என்ற உப்புக்கொத்தியை, ஈபேர்ட் 2023-இல் சைபீரியன், திபெத்தன் என்று இரண்டு இனங்களாகப் பிரித்துவிட்டது. பழைய கையேட்டை வைத்திருப்பவரும் புதுப்பித்த செயலியை வைத்திருப்பவரும் ஒரே பறவையைப் பார்த்துக்கொண்டு இரண்டு பெயர்களைச் சொல்வதற்கு இதுவே காரணம். அறிவியல் பெயரையும் சேர்த்துக் காட்டும் செயலியாகவும், வகைப்பாடு மாறும்போது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் செயலியாகவும் இருந்தால் இந்தக் குழப்பம் குறையும். ஒருமுறை பணம் வாங்கிக்கொண்டு பல ஆண்டுகள் புதுப்பிக்கப்படாமல் கிடக்கும் செயலிகளை வாங்குவதற்கு முன் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பார்க்கவும். மேலே நான் பெயர் சொன்னவை எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.

பெயர் கண்டறிவதும் பதிவு செய்வதும் இரண்டு வேலைகள். மெர்லின் பெயரைச் சொல்கிறது. ஈபேர்ட் செயலி நாம் நடந்த நேரத்தையும் தூரத்தையும் பார்த்த எண்ணிக்கையையும் வாங்கிக்கொள்கிறது, அந்த இடத்துக்கு அரிதான பறவையை எழுதினால் விவரம் கேட்கிறது, பிறகு அந்தந்தப் பகுதியை அறிந்த தன்னார்வச் சரிபார்ப்பாளர்கள் அதைப் பார்க்கிறார்கள். ஒலிச் செயலி சொன்ன பெயரை நாமே கேட்டோ பார்த்தோ உறுதி செய்யாமல் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று ஈபேர்ட் கேட்டுக்கொள்வதற்கு ஆழமான காரணம் இருக்கிறது. செயலியின் வாய்ப்பு வரிசை நம் பட்டியல்களிலிருந்து உருவாகிறது என்று முன்பே சொன்னேன். செயலியின் தவறு பட்டியலில் நுழைந்து, சரிபார்ப்பிலும் தப்பிவிட்டால், அந்தத் தவறே அடுத்து வருகிறவருக்குச் சான்றாகத் திரும்பி வரும். கரிச்சான் பாடிய வைரி, ஒரு காட்டின் கணக்கில் உண்மையான வைரியாக உட்கார்ந்துவிடும்.

பறவைக் குரல்களை ஒலிக்கவிடும் வசதியும் இந்தச் செயலிகள் பலவற்றில் இருக்கிறது. அது வீட்டில் அமர்ந்து கேட்டுப் பழகுவதற்கு உரியது. களத்தில் ஸ்பீக்கரில் போட்டுப் பறவையை வெளியே வரவழைக்கிறவர்களைப் பார்க்கிறேன். தன் எல்லைக்குள் வேறொருவன் வந்துவிட்டான் என்று நம்பி, இரை தேடுவதையும் அடைகாப்பதையும் விட்டுவிட்டு அது பதறி ஓடி வருகிறது. சோலைக்காட்டின் சிறு துண்டுகளில் வாழும் சோலைக்கிளி (பெயரில்தான் கிளி, உண்மையில் வேறொரு சிறு பறவை) போன்றவற்றிடம் ஒரே பருவத்தில் நூறு பேர் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். காட்டில் ஒப்பிட்டுக் கேட்டே ஆக வேண்டுமானால் காதுக்கருவியை மாட்டிக்கொள்ளுங்கள்.

ஆக, தமிழ்நாட்டில் பறவை பார்க்கத் தொடங்குகிற ஒருவர் என்னிடம் கேட்டால், மெர்லினையும் ஈபேர்டையும் சேர்த்து நிறுவச் சொல்வேன். பூச்சிகளிலும் செடிகளிலும் ஆர்வம் உள்ளவருக்கு ஐநேச்சுரலிஸ்ட். வீட்டில் குழந்தை இருந்தால் சீக். அச்சுக் கையேடு ஒன்றும் பையில் இருக்கட்டும், ஏனென்றால் ஒத்த தோற்றமுள்ள ஏழெட்டுப் பறவைகளை ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துப் பார்க்கும் வசதியைக் கைபேசியின் சிறு திரை இன்னும் தரவில்லை.

நிறுவியபின் ஒரு வாரம் வெளியூர் எங்கும் போக வேண்டாம். காலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ நின்று, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பறவைகளை அதனிடம் கேளுங்கள்: முருங்கை மரத்துத் தவிட்டுக்குருவிகள், மின்கம்பியில் கரிச்சான், தண்ணீர்த் தொட்டிக்கு வரும் கொண்டைக்குருவி, வேலியில் தையல்சிட்டு. எதைச் சரியாகச் சொல்கிறது, எதில் தடுமாறுகிறது, பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடும்போது என்ன ஆகிறது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். ஏழாம் நாள் அந்தத் தாளில் இருப்பது, அந்தச் செயலியைப் பற்றி உங்கள் ஊருக்கென்றே எழுதப்பட்ட மதிப்புரையாக இருக்கும். மலைக்குப் போகும்போது அதையும் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம்.